பதிவு நின்ற பிறகு சொன்னது

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் இருமல் விட்டதா? அத்தை மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா? நான் நன்றாக இருக்கிறேன். சலவைக் கடையில் நாள் முழுக்க இஸ்திரி போடுவதால் கைதான் கொஞ்சம் காய்ந்துபோகிறது.

இங்கே ஒரு சின்ன விஷயம் நடந்தது, பதறாதீர்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இந்தத் தெரு மனிதர்களைப் பேசவைத்து ஒலிக்கதை தயாரிக்கிறார்கள். அதில் ரெட்டைச்சடைக்காரி ஒருத்தி தினமும் கடைக்கு வந்து என்னோடு துணி மடிப்பாள். தங்கச்சி மாதிரி ஒட்டிக்கொண்டாள். பேட்டி முடிந்து, "ஆஃப் பண்ணிட்டேன்க்கா" என்று அவள் சொன்ன பிறகுதான், நாம் பெற்றுப் பறிகொடுத்த குழந்தையைப் பற்றிச் சொன்னேன். உங்களிடம்கூட நான் அப்படி அழுததில்லை.

ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் ஊரையே கூட்டிவைத்து அந்த ஒலிக்கதையைப் போட்டார்கள். முதலில் என் சிரிப்பு, பிறகு அந்த அழுகை. முடிந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள், மாமா.

"ஆஃப் பண்ணிட்டேன்னு சொன்னியேடி?"

"ஓடுதுன்னு சொன்னா பேசியிருப்பீங்களாக்கா? எல்லாருக்கும் அதுதான் பிடிச்சுது."

நீக்கச் சொன்னேன். முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நீக்கினாள். கேட்ட காதுகளை என்ன செய்வது? துணி கொடுக்க வருகிறவர்கள்கூட இப்போது குரலைத் தாழ்த்திப் பேசுகிறார்கள். அவள் வந்தால் நான் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

யாராவது வந்தால் கைக்குத் தடவ எண்ணெயும் என் பழைய பருத்திப் புடவையும் கொடுத்தனுப்புங்கள். போன் பண்ணும்போது சீக்கிரம் வைத்துவிடாதீர்கள். பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, சும்மா இருங்கள்.

முதலாளி கூப்பிடுகிறார்.

உங்கள் வாயாடி