ஊதாவாய்ப் போன புதினா

இன்று காலை பால்கனித் தொட்டியில் புதினா இலைகள் ஊதா நிறத்துக்கு மாறியிருந்தன. திருப்பதியின் இந்த மார்கழிக் குளிருக்கு மகள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறாள். "செடி செத்துப்போச்சும்மா, தூக்கிப் போட்டுடு" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தேன். உடனே உனக்குப் போன் செய்யத்தான் கை போனது. நீ போய் எட்டு மாதம் ஆகிறது.

பிச்சாட்டூர் ஏரிக்குக் கீழே தோழிகள் நாம் இருவரும் குத்தகைக்கு எடுத்த துண்டு நிலம் நினைவிருக்கிறதா? அதுவரை அடுத்தவர் நிலத்தில் களை பறித்தே பழகிய நமக்கு, நம்முடையது என்று சொல்லிக்கொள்ள முதன்முதலாகக் கிடைத்த பயிர் அந்தப் புதினாதான். இரண்டாம் வருஷம், ஒரு காலையில் போய்ப் பார்த்தால் பாத்தி முழுக்க ஊதா. ஏதோ நோய், மற்ற பாத்திக்கும் பரவிவிடும் என்று பயந்து, அழுதுகொண்டே செடிகளைப் பிடுங்கத் தொடங்கினேன். நீ ஓடிவந்து என் கையைப் பிடித்தாய்.

"இருமே. இன்னான்னு பாக்காம எல்லாத்தையும் புடுங்கிக்கினு கீறியே?"

நகரி பக்கம் நர்சரியில் கூலிக்குப் போன காலத்தில் நீ இதையெல்லாம் பார்த்திருந்தாய். இலையின் அடிப்புறத்தை விரலால் தேய்த்துக் காட்டினாய். துரு நோயாக இருந்தால் செம்பழுப்புப் பொடி ஒட்டும், ஒட்டவில்லை. மேட்டுப் பக்கம் ஒரு செடியைத் தோண்டினாய். வேர் வெள்ளையாக, உறுதியாக இருந்தது. பள்ளத்துப் பக்கம் தோண்டியபோது வேர் பழுப்பேறி நாறியது.

"மேல வெறும் குளிருதான். மண்ணுல மணிச்சத்து இருந்தாலும் குளிர்ல வேரு இழுக்காது, இலை ஊதாவா பூடும். வெயில் ஏறனா சரியாயிடும். கீழ தண்ணி நிக்குது, அத்த வடிக்கணும்."

அன்று முழுக்க இருவரும் வாய்க்கால் வெட்டினோம்.

மேட்டில் அறுத்த ஊதாக் கட்டுகளைப் புத்தூர் சந்தைக்குக் கொண்டுபோனோம். கடைக்காரர் தொடக்கூட இல்லை. "இதி புதினா காதம்மா, துளசி" என்றார். புதினாவே இல்லையாம். நான் கூடையைத் தூக்கிவிட்டேன். நீ நகரவில்லை.

"தண்டு சதுரமா கீதா? துளசிக்கும் அப்படித்தான், கண்ணால பாத்தா தெரியாது. அதனால மூக்கால பாருங்க."

ஓர் இலையைக் கசக்கி அவர் மூக்குக்கு நேரே நீட்டினாய். அவர் பெரிதாகத் தும்மினார். பிறகு சிரித்துக்கொண்டே கட்டுகளை எடுத்துக்கொண்டார். ஊர் வரும்வரை பஸ்ஸில் நீ அவரைப் போலவே தும்மிக் காட்டினாய்.

தை கடைசியில் புதுத்தளிர் பச்சையாக வந்தது. நான் பிடுங்கிப் போட்ட இடம் மட்டும் மொட்டையாகக் கிடந்தது. அதை நீ ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை.

மகளுக்குக் குழந்தை பிறந்ததும் அதைப் பார்த்துக்கொள்ள நான் இங்கே வந்துவிட்டேன். மூன்றாவது மாடி. பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று இன்னும் தெரியாது. சாயங்காலம் வரும் உன் போன் ஒன்றுதான் எனக்குப் பேச்சுத்துணையாக இருந்தது. ஒருநாள், "ஒடம்பு கொஞ்சம் சரியில்லமே" என்றாய். "சரி, ரெஸ்ட் எடு" என்று சொல்லிவிட்டு, பேத்தி அன்று தவழ்ந்த கதையை ஆரம்பித்தேன். நீயும் கேட்டுச் சிரித்தாய்.

அந்த வாரமே உன்னை இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். என் வீட்டிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிஷம். ஒன்பது நாள் இருந்திருக்கிறாய். எல்லாம் முடிந்த பிறகுதான் உன் மகன் சொன்னான்.

"அம்மாதான் சொல்ல வேணான்னுச்சி அத்தை. 'தெரிஞ்சா இங்கியே வந்து குந்திக்குவா, அவ பொண்ணு வேலைக்குப் போவ முடியாது'ன்னுச்சி."

இப்போதெல்லாம் யாராவது உடம்பு சரியில்லை என்றால் நான் விடுவதில்லை. "இன்னா பண்ணுது? எங்க வலிக்குது? டாக்டர் இன்னா சொன்னாரு?" மகள் சலித்துக்கொள்கிறாள். நேற்று பால்காரரிடம்கூடக் கேட்டேன். வெறும் சளிதான் என்று சிரித்தார். உன்னிடம் கேட்க வேண்டியதை எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.