அணிவகுப்புக்கு ஒன்ஸ் மோர்

யார்மீதும் கோபித்துக்கொள்ளத் தெரியாத என் மச்சானுக்கு,

அக்கா சுகம். அரிமளத்தில் மழை சுமார். டூரிங் கொட்டகை மறுபடி வந்திருக்கிறது. இந்தத் தடவை இங்கிலீஷ் யுத்தப் படம். யுத்தம் முடிந்து இத்தனை வருஷம் கழித்து, இப்போதுதான் நம் ஊர் தரை டிக்கெட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

பாசிஸம் என்றால் என்ன என்று பத்திரிகை படிக்கும்போதெல்லாம் கேட்டவர்களுக்கு ஒரே மாலையில் விடை கிடைத்துவிட்டது. முழங்கால் வரை பளபளக்கும் பூட்ஸ், கன்னத்தில் ஒரு தழும்பு, மூச்சுவிடாத கத்தல். இந்த மூன்றும் இல்லாத எவர்மீதும் இனி ஊரில் யாருக்கும் சந்தேகம் வராது.

நம் கொட்டகை வழக்கம் உங்களுக்குத் தெரியும். பாட்டு பிடித்துவிட்டால் ஜனங்கள் 'ஒன்ஸ் மோர்' என்று கத்துவார்கள். ஆபரேட்டர் ரீலைப் பின்னால் சுற்றி மறுபடி போடுவார். இந்தப் படத்தில் பாட்டே கிடையாது. பாவம், என்ன செய்வார்கள்? எதிரிப்படை அணிவகுத்துப் போகும் காட்சிக்குக் கேட்டார்கள். கொடி, தீவட்டி, ஒரே அடியாக விழும் கால்கள். நன்றாகத்தான் படம் பிடித்திருந்தார்கள். பிறகு, முள்வேலிக்குள் எலும்பும் தோலுமாக மனிதர்கள் நிற்கும் காட்சி வந்தது. பாதிப்பேர் பீடிக்கு எழுந்து போனார்கள். சின்னக் காட்சி, பற்றவைப்பதற்குள் முடிந்துவிடுகிறது.

அணிவகுப்புக்கு முதலில் விசிலடித்தது யார் தெரியுமா? உங்கள் மகன் முருகேசன்.

தேர்த் திருவிழாவுக்காக மில் முதலாளி வாலிபர்களைச் சேர்த்து ஒழுங்குப் படை வைத்திருக்கிறார். முருகேசன்தான் தலைவன். ஒரே நிறச் சட்டை, கையில் மூங்கில் கம்பு. முதலாளி எளிய மனிதர். வெள்ளை வேட்டி, காலில் செருப்புகூடக் கிடையாது. தேர் வரும் பாதை அழகாக இருக்க வேண்டுமாம். அதனால் ஞாயிற்றுக்கிழமை கண்மாய்க்கரைக் குடிசைகளைப் பிரித்து, அங்கே இருப்பவர்களை லாரியில் ஏற்றி ஊருக்கு வெளியே விடப்போகிறார்கள். எந்த இடத்தில் என்று கேட்டேன். இன்னும் இடம் பார்க்கவில்லையாம்.

நேற்றுப் படம் விட்டு வரும்போது முருகேசனிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"ஒங்கப்பா சயாம் ரயில்பாதையில பட்டதும் இதுதான்டா."

"அப்பாவ வேலை வாங்குனவன் ஜப்பான்காரன், மாமா. படத்துல வாரவன் ஜெர்மன்காரன். ரெண்டையும் போட்டுக் கொழப்பாதீங்க."

"சரி, கண்மாய்க்கரைக்குக் கம்போட போகப்போறது யாரு?"

சிரித்துவிட்டான். "நல்லாருக்கே ஒங்க ஞாயம்! படத்துல அவன் எப்புடிக் கத்துறான், பாத்தீங்கள்ல? நாங்க கத்துறமா? 'ஐயா, கொஞ்சம் அங்கிட்டு ஓரமா வாங்க, லாரி வருது'ன்னு மரியாதையாத்தானே சொல்லப் போறோம்?"

மச்சான், சயாமில் உங்கள் முகாம் அதிகாரியும் கத்தியதில்லை என்றுதானே சொன்னீர்கள்? காய்ச்சல்காரர்களை மட்டும் ஓரமாக வரச் சொன்னான். ஆஸ்பத்திரிக்குப் போக லாரி வருகிறது என்றான். அவர்கள் கும்பிட்டுவிட்டு ஏறினார்கள். லாரி மட்டும் திரும்பி வந்தது.

இதை என்னிடம் சொன்னீர்கள். அவனிடம் ஏன் சொல்லவில்லை? பிள்ளை பயந்துவிடுவான் என்றா? அவன் இப்போது எதற்கும் பயப்படுவதில்லை. பயமெல்லாம் எனக்குத்தான். நான் சொன்னால் நம்புவானா? பூட்ஸும் தழும்பும் இல்லாத கதையை, இந்தப் படத்தைப் பார்த்தவனிடம் எப்படிச் சொல்வது?

இன்று படத்துக்குக் கடைசி நாள். அவனையும் கூட்டிக்கொண்டு தரை டிக்கெட்டில் உட்காரப்போகிறேன். முள்வேலிக் காட்சியில் ஜனங்கள் பீடிக்கு எழும்போது நானும் எழுந்து, 'ஒன்ஸ் மோர்' என்று கத்துவேன். ஆபரேட்டர் போடாவிட்டால் இன்னொரு தடவை கத்துவேன். ஊர் என்னைப் பைத்தியம் என்று சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். அதற்குப் பிறகு, கத்தாமல், உங்கள் லாரியைப் பற்றி அவனிடம் சொல்வேன்.

அதற்கும் அவன் மசியவில்லை என்றால், ஞாயிற்றுக்கிழமை கண்மாய்க்கரைக்கு வரும் லாரியில் முதலில் ஏறி உட்காருகிறவன் நான்தான். மரியாதையாகச் சொன்னால் இறங்கமாட்டேன். அவன் கத்தித்தான் ஆகவேண்டும். அப்போதாவது அவன் குரல் அவன் காதில் விழும். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு, மச்சான்.

இப்படிக்கு,
உங்கள் மகனை இன்னும் கைவிடாத அவன் தாய்மாமன்