கடைசி தசமம் வரை

செவ்வாய், இரவு

உடம்பெல்லாம் அலுப்பு, ஆனாலும் தூக்கம் வரவில்லை. இன்று லேபில் நெட்வொர்க் சிமுலேஷன் தேர்வு. அனுப்பும் தகவலில் வழியில் எவ்வளவு தொலையும் என்று மென்பொருளே ஓட்டிக் காட்டும். எல்லோருக்கும் ஒரே கேள்விதான்; ஆனாலும் ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் விடை தசமத்தில் கொஞ்சம் மாறும் என்பது என் எண்ணம். கலைச்செல்விக்கும் ஜான்சனுக்கும் கடைசி தசமம் வரை ஒரே விடை. காப்பி என்று இருவருக்கும் பூஜ்யம் போட்டேன்.

"சத்தியமா இல்ல மேடம், எத்தினி தபா ஓட்டினாலும் அதே நம்பர்தான் வந்துகினு கீது" என்று கலைச்செல்வி அழுதாள். நடிக்காதே என்றேன்.

ஊரப்பாக்கத்தில் இறங்கி வீட்டுக்கு வந்ததும் நானே ஓட்டிப் பார்த்தேன். அதே விடை. மறுபடி ஓட்டினேன். அதேதான். கேள்வியில் இருப்பதை அப்படியே கொடுத்து ஓட்டினால் யாருக்கும் அதுதான் வரும்.

அப்படியானால் மற்றவர்கள் தசமத்தில் கொஞ்சம் கொஞ்சம் மாறி ஆளுக்கொரு விடை எழுதினார்களே, அதெல்லாம் எங்கிருந்து வந்தது? அவர்கள் அத்தனை பேருக்கும் முழு மதிப்பெண் போட்டிருக்கிறேன்.