ஏழாவது வரியில் ஸ்கேனரைக் காணோம்

மலையைக் குடைந்துகொண்டிருக்கும் என் மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உருண்டு புரண்டு சுகமாக இருக்கிறோம், நீயும் அந்தச் சுரங்கத்துக்குள் மூக்கில் மண் ஏறாமல் சுகமாக இருக்க வேண்டும். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் செய்த இடத்தில் நீர் வடிவது நின்றுவிட்டது, வாய்தான் இன்னும் நிற்கவில்லை. போன் போட்டால் பாதி வார்த்தையை உன் மலை விழுங்கிவிடுகிறது, அதனால் எழுதி, தாளைப் படம் பிடித்து போனில் அனுப்ப அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். வேலை முடிந்து வெளியே வந்ததும் முதல் காரியமாக இதைப் படி. சிரிக்காமல் படி, இந்தத் தடவை நான் விளையாட்டுக்கு எழுதவில்லை.

பின் தெரு தையல்காரம்மாவை உனக்குத் தெரியுமே, நீ வளருவாய் என்று நம்பி உன் பள்ளிக்கூடப் பாவாடையை நாலு விரல் மடித்துத் தைத்தவள், பாவம் ஏமாந்தாள். நீ பிறப்பதற்கு முன்னால் அவளுக்கு ஒரு பையன் பிறந்து பதினோரு மாதத்தில் போய்விட்டான். அவனை எடுத்தது ஒரே ஒரு போட்டோ, அதையும் பூஞ்சை தின்னுகிறது என்று திங்கட்கிழமை நம் ஸ்டுடியோவுக்குக் கொண்டுவந்து, சரிபண்ணிப் பெரிசாக்கிக் கொடுங்கக்கா, வேற இல்லை என்று என் கையில் வைத்தாள். நான் பெரிய கெட்டிக்காரியாட்டம் ஸ்கேனர் கண்ணாடியை ஈரத்துணியால் பளபளவென்று துடைத்து, அது காய்கிறதற்குள் போட்டோவைக் கவிழ்த்து வைத்தேன். மூடிதான் சரியாக உட்காராதே, அதற்கு மேலே இஸ்திரிப் பெட்டியையும் ஏற்றினேன். அந்த நேரம் பார்த்து பாஸ்போர்ட் போட்டோவுக்கு ஒரு குடும்பமே வந்து நின்றது, அவர்களுக்குத் தலை வாரிவிட்டு, பொட்டைச் சரிபண்ணி, எடுத்து அனுப்பிவிட்டு ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால் போட்டோ கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. நகத்தால் ஒரு மூலையைத்தான் தொட்டேன், பூச்சு பொருக்காகக் கையோடு வந்தது, அதோடு கையை எடுத்துவிட்டேன்.

ஒட்டினால் என்ன, முகம் கண்ணாடியைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறது, அப்படியே ஸ்கேன் பண்ணிவிட்டால் அப்புறம் பிய்ந்தாலும் படம் நம்மிடம் இருக்குமே என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். எனக்கு அந்த இங்கிலீஷ் எழுத்து தெரியாது என்று நீதானே எண்ணச் சொல்லிக்கொடுத்தாய், மேல் வரிசையில் முதல் வார்த்தை, கீழே இறங்குவதில் ஏழாவது வரி, அதற்குள் ஸ்கேனர் என்று, ரெண்டு வருஷமாக அப்படித்தான் ஓட்டுகிறேன். போன வாரம் கம்ப்யூட்டர்காரர் வந்து புது போட்டோ சாஃப்ட்வேர் போட்டுவிட்டுப் போனார், அதில் ஏழாவது வரியை அழுத்தினால் மொத்தமும் மூடிக்கொள்கிறது. ஒவ்வொரு வரியாக அழுத்திப் பார்த்துவிட்டேன், பிரிண்டர் பதினாலு வெள்ளைத்தாளைத் துப்பியது, ஸ்கேனர் மட்டும் எங்கேயும் இல்லை. ஸ்கேனரிலேயே இருக்கிற பச்சைப் பட்டனை அழுத்தினால் விளக்கு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடுகிறது, பார்த்ததை யாரிடம் போய்ச் சொல்கிறதோ, திரையில் ஒன்றும் வரவில்லை.

கம்ப்யூட்டர்காரரைக் கூப்பிட்டால், இது கிழட்டு ஸ்கேனரும்மா, புது சாஃப்ட்வேர் இதை மதிக்காது, புதுசு வாங்கிடுங்க என்கிறார். அடப்பாவி, குழந்தை இந்தக் கண்ணாடியில் அல்லவா ஒட்டியிருக்கிறான், அவனை எப்படிப் புதுசுக்குக் குடி மாற்றுவது? பழையதையே திரும்பப் போடு என்றால் அழிச்சாச்சே என்று தலையைச் சொறிகிறார். உன் அப்பா ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஸ்க்ரூடிரைவரோடு வந்தார், கண்ணாடியைக் கழற்றிவிடலாமாம். அவர் கழற்றிய மிக்சியே இன்னும் டப்பாவில் துண்டு துண்டாகக் கிடக்கிறது, விரட்டிவிட்டேன். நாலு நாளாகத் தையல்காரம்மாவிடம் மை தீர்ந்துபோச்சு, கரண்ட் இல்லை என்று வாய்க்கு வந்த பொய்யைச் சொல்கிறேன். எனக்கே சோறு இறங்கவில்லை என்றால் பார்த்துக்கொள்.

இவ்வளவு எழுதும்போது அவளே வந்துவிட்டாள். அதற்கு மேல் பொய் சொல்ல முடியவில்லை, எல்லாவற்றையும் சொல்லி அழுதுவிட்டேன். திட்டுவாள் என்று பார்த்தால் திட்டவில்லை. மூடியை அவளே திறந்து, போட்டோவின் பழுப்பு முதுகையே ரொம்ப நேரம் பார்த்தாள். அவன் எப்பவும் குப்புறப் படுத்துத்தான்க்கா தூங்குவான், யாரும் தொட்டு எழுப்பாதீங்க, உங்க பொண்ணு என்ன சொல்லுதுன்னு பார்ப்போம் என்று சொல்லிச் சத்தம் வராமல் மூடினாள்.

அதனால் எனக்கு ஒரே ஒரு பதில் வேண்டும் கண்ணு. அந்தப் பாழாய்ப்போன சாஃப்ட்வேர் வழியாகப் போகாமல் படத்தை உள்ளே இழுக்க வேறு வழி உண்டா? எந்த மூலை, என்ன நிறம், எத்தனையாவது வரி என்று எழுது, பெயர் எழுதாதே. தெரியாது என்றாலும் தெரியாது என்று எழுது, சும்மா இருந்துவிடாதே. தலைக்கவசத்தைக் கழற்றாதே, வேளைக்குச் சாப்பிடு, உனக்கு ஒரு குறையும் வராது, நூறு வருஷம் நன்றாக இருப்பாய். தையல்காரம்மா வீட்டுக்குப் போகவில்லை, ஸ்கேனர் பக்கத்திலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

எதையும் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டிருக்கும்
உன் அம்மா