மண்ணெண்ணெய் தீர்ந்த இடத்தில் நின்ற பூதம்

மச்சான்,

குசினிக்குள் தொங்கும் இதரை வாழைக்குலை பழுத்துவிட்டது. அந்த வாசம் மூக்கில் ஏறியதும் உனக்கு எழுதக் குந்திவிட்டேன். மேலுலகத்துக்குத் தபால் போகாது என்று சொல்லாதே. யாழ்ப்பாணத்துக்கே தபால் வராத காலத்தில் நாங்கள் கடிதம் எழுதாமலா இருந்தோம்?

நேற்று மருமகள் என்னைப் பட்டணத்துக்குக் கூட்டிப்போய் ஒரு விண்வெளிப் பேய்ப்படம் காட்டினாள். குளிரூட்டிய அரங்கு, முப்பரிமாணம் காட்டும் கறுப்புக் கண்ணாடி, வாளி நிறையச் சோளப்பொரி. அருவருப்பு மச்சான், அருவருப்பு! பயத்தில் வந்த அருவருப்பென்றால் எழுந்து நின்று கும்பிட்டிருப்பேன். ஐந்தாவது நிமிடமே பூதம் மணவறைக்கு வந்த மாப்பிள்ளைபோல முழு வெளிச்சத்தில் வந்து நிற்கிறது. பல்லை எண்ணலாம், எண்ணினேன், நாற்பத்திரண்டு. அதன் வாயிலிருந்து வடிந்த சளி, மாரியில் தொண்டைமானாறு கடலுக்குப் பாய்வதையே வெட்கப்பட வைத்திருக்கும். பிறகு அதற்கொரு சோகக்கதை: குட்டியாக இருந்தபோது யாரோ ஏசிப்போட்டார்களாம்! படித்த விஞ்ஞானிகளோ, தெரியாத கிரகத்தில் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டுத் துடிக்கிற முட்டையைத் தடவுகிறார்கள். கீரிமலைக் கேணிக்கு வருகிறவன்கூட முதலில் கால்விரலை வைத்துத்தான் தண்ணீரைப் பார்ப்பான்.

எங்கள் பூதத்தை நினைத்துக்கொண்டேன். போரில் மின்சாரமில்லாத அந்த ஆண்டுகளில் நீ டிவியும் வீடியோ டெக்கும் ஜெனரேட்டரும் வாடகைக்கு விட்டுத் திரிந்தாய். நீர்வேலியில், வாழைக்குலை பழுக்கப்போடும் சன்னலில்லாத கொட்டிலில், உச்சி மத்தியானத்தில் ஓர் ஆங்கிலப் பேய்ப்படம் போட்டாய். தலைக்கு மேலே அன்று வெட்டிய குலைகள். ஜெனரேட்டர் இரைச்சலில் ஒரு வசனமும் கேட்காது. அதனால் தடியோடு நின்று நீயே கதை சொன்னாய். உனக்குத் தெரிந்த ஆங்கிலம் ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கும்.

"கத்தாதையுங்கோ! அவள் சொல்லுறாள், இஞ்சை எங்களைத் தவிர இன்னொண்டும் மூச்சு விடுதாம்."

"எங்கை தம்பி நிக்குது?" என்றார் தோட்டக்காரர் ஒருவர்.

"அது தெரிஞ்சா அவள் ஏன் அழுறாள், அண்ணை?"

திரையில் இருட்டு நடைபாதை. கதாநாயகி கடைசிக் கதவில் கையை வைத்தாள். ஜெனரேட்டர் இரண்டு தரம் இருமி நின்றது. மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது. கும்மிருட்டு. என் பிடரியில் குளிராக, பிசுபிசுவென்று ஏதோ சொட்டியது. குலையிலிருந்து விழுந்த வாழைப்பால் என்று இன்றைக்குத் தெரியும். அன்று நான் பாய்ந்த பாய்ச்சலில் இந்தியக் கரையைப் பார்த்துவிட்டுத்தான் கீழே இறங்கினேன்.

அதற்குப் பிறகு முப்பது வருடமாக முடிவைக் கேட்டு உன் உயிரை வாங்கினேன். "சொன்னா பூதம் செத்துப்போமடா" என்று மழுப்பினாய். கடைசியாக ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் கேட்டேன்.

"இப்பவாவது சொல்லன்."

"எனக்கும் தெரியாது மச்சான். வீடியோக் கசற் தட்டுப்பாடு எல்லே. கடைசிப் பகுதி வெறுமையெண்டு நினைச்சு, எங்கடை அக்கான்ரை கலியாணத்தை அதிலை எடுக்கக் குடுத்திட்டன். கதவு திறந்தா அக்கா தாலியோடை நிப்பா. அதாலைதான் அந்தக் கதவு வரைக்கும் ஓட எண்ணெய் அளந்து விட்டனான்."

நாங்கள் சிரித்த சிரிப்புக்குத் தாதி இருவரையும் ஏசினாள். மூன்றாம் நாள் நீ இல்லை.

இன்று காலை மருமகள் போனோடு வந்தாள். என் ஓயாத புலம்பலைக் கேட்டுக் கேட்டுப் படத்தைத் தேடிப் பிடித்துவிட்டாள்.

"மாமா, உங்கடை படம் கிடக்கு. கடைசிப் பத்து நிமிசம் போடட்டே?"

போடு என்றேன். அதே நடைபாதை. அதே கை. கதவு மெல்ல அசைந்தது.

"நிப்பாட்டு!"

"ஏன் மாமா, பயமே?"

"ஓம் பிள்ளை, பயம்தான். இருக்கிற ஒண்டையும் ஏன் கெடுப்பான்?"

போனை வாங்கிக் கவிழ்த்து வைத்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு நோஞ்சான் ரப்பர் பொம்மை நிற்கலாம். முடிவு தெரிந்தால் நீ தடியோடு நின்ற அந்தக் கொட்டில் எனக்கு இல்லாமற் போய்விடும். நீ விட்டுப்போன பூதத்துக்குப் பல் கிடையாது, எண்ண முடியாது. அது மூச்சு மட்டும் விடுகிறது.

அன்றைய சட்டை இன்னும் அலுமாரியில் இருக்கிறது. வாழைப்பால் கறை எந்தச் சவுக்காரத்துக்கும் போகவில்லை. பழுத்த குலையிலிருந்து பால் சொட்டாது என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் மச்சான், குலைக்குக் கீழே இருந்து, கொலரைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.