அலாரத்தைக் கொன்ற ஜெரால்ட்

தொழிற்சாலை விடுதி, லைங் தாயா, 14.7.2009

சக்கரவர்த்தினி அக்கா மக்தலேனாவின் திருச்சமூகத்துக்குத் தம்பி பிலிப் எழுதுவது. மூட்டுவலி குறைந்ததா? நான் யானைபோல் சுகம்.

கரியடுப்பின் விஷக்காற்று கண்ணுக்குத் தெரியாதாம். அது சேர்ந்தால் கத்தும் அலாரத்தை விடுதி அறைதோறும் மாட்ட வேண்டுமென்பது தொழிற்சாலைச் சட்டம். ஞாயிற்றுக்கிழமை மழைக்கு ஜன்னலைச் சாத்தி, அறைக்குள்ளேயே சோறாக்கினோம். அலாரம் மோட்சம் வரை கேட்க அலறியது.

“சோறே வேகலே, அதுக்குள்ள கூப்பாடா?” என்று அறைக்கூட்டாளி ஜெரால்ட் அதைக் குழவியால் அடித்தே கொன்றான். சற்று நேரத்தில் அவனே சுருண்டு விழுந்தான். நான் கதவை உதைத்துப் பிளந்து, அவனை மழைக்குள் இழுத்துப் போட்டு, பத்தாயிரம் அறை விட்டேன். கண் திறந்தவன், “எவன்டா அடிச்சது?” என்று விட்டான் ஒரு குத்து. என் முன்பல் பல மைல் தாண்டி த்வாண்டே ஊரில் போய் விழுந்தது.

மெல்ல வேண்டாத ஊறுகாயாக அனுப்பு. புது அலாரம் இன்னும் வரவில்லை. என்னைப் பார்த்துக் கத்த இங்கே வேறு ஆளும் இல்லை. நீயாவது நாலு வரி திட்டி எழுது. தொழிற்சாலை பஸ்காரன் ஹார்ன் அடிக்கிறான்.

பிலிப்