சனூஸா பார்த்த இருதயம்

கிண்ணியா
21.04.2024

அன்புத் தங்கச்சி சனூஸாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நாங்கள் சுகம். கண்டிக் குளிரில் நீயும் மச்சானும் மகளும் சுகமாக இருக்க துஆ கேட்கிறோம்.

பெருநாள் முடிந்து உன்னிடம் வந்து போனதிலிருந்து றிஷானாவின் முகம் தெளிந்துவிட்டது. போன வருஷம் கடலடியில் சுழியோடி ஏறிய பிறகு எனக்குக் கை விறைத்து, கண்ணுக்குள் பூச்சி பறந்ததே, அன்றிலிருந்து என் பெண்சாதி என்னைக் கடல் பக்கம் திரும்பவே விடவில்லை. உன் ஆஸ்பத்திரி மிஷினில் என் இருதயத்தைப் பார்த்து நீ எழுதித் தந்த எக்கோ றிப்போட்டை இப்போது பொலித்தீன் உறையில் போட்டு வைத்திருக்கிறாள். "டொக்டர் சொன்னாலும் நான் நம்பியிருக்க மாட்டன். சனூஸா தன்ர கண்ணால பாத்துச் சொன்னா, அது போதும்" என்கிறாள். அடுத்த கிழமை நான் கடலட்டை பிடிக்க இறங்குகிறேன். றிகாஸின் வள்ளம்தான்.

ஒரு விஷயம். அந்த இருட்டறையில் நீ திரையைக் காட்டிக் காட்டி ஏதேதோ சொன்னாய். நானும் பெரிய படிப்பாளி மாதிரித் தலையை ஆட்டினேன். உண்மையில் ஒரு சொல்லும் கேட்கவில்லை. என் காதுகளைத்தான் கடல் எப்போதோ எடுத்துக்கொண்டதே. போனில் கத்தினாலும் கேளாது. என்னுடைய போன் மூன்றாவது தரமாகத் தண்ணீருக்குள் போய்விட்டது, இனி வாங்குவதாக இல்லை. ஆகவே எழுது. எனக்குள்ளே ஏதோ ஒன்று நிற்காமல் கைதட்டிக்கொண்டிருந்ததே, அது என்ன?

உம்மா இருக்கும்போது மாதம் ஒருமுறை வந்து போனாய். இப்போது வழி மறந்துவிட்டது போல.

உன் நானா,
ஹஸ்மி


கண்டி
02.05.2024

அன்புள்ள நானாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். வழி மறக்கவில்லை, லீவுதான் கிடைக்கவில்லை. காது கேளாதென்றால் அன்றைக்கே சொல்லியிருக்கலாமே. நான் முக்கால் மணித்தியாலம் யாருக்கு வகுப்பெடுத்தேன்?

நீங்கள் கண்ட கைதட்டல் வால்வுகள். இருதயத்துக்குள் நான்கு அறைகள், மேலே இரண்டு, கீழே இரண்டு. அதை ஒரே பம்பு என்று நினைக்க வேண்டாம். நடுவில் ஒரு சுவரை வைத்து ஒட்டிக் கட்டிய இரண்டு பம்புகள். உடம்பெல்லாம் ஓடிக் களைத்த இரத்தம் வலது பக்கத்துக்கு வரும். வலது பம்பு அதைச் சுவாசப்பைக்கு அனுப்பும். அங்கே மூச்சுக்காற்றைக் குடித்துச் சிவந்து, இடது பக்கத்துக்குத் திரும்பும். இடது பம்பு அதை உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை தள்ளும். தூரம் கூட என்பதால் இடது பக்கச் சுவர் தடிப்பு. வால்வுகள் ஒரு பக்கம் மட்டும் திறக்கிற கதவுகள், போன இரத்தத்தைத் திரும்பி வர விடாது. டொக்டர் காதில் குழாயை வைத்துக் கேட்கிற "லப் டப்" அந்தக் கதவுகள் சாத்துகிற சத்தம்தான்.

உங்கள் ஐந்து லீட்டர் இரத்தமும் ஒரு நிமிஷத்தில் முழுதாகச் சுற்றி வந்துவிடும். ஓரங்களில் குழாய்கள் மயிரை விட மெல்லிசு, இரத்தத்தின் துணிக்கைகள் வரிசையில் ஒவ்வொன்றாகத்தான் போகலாம். எனக்கு எப்போதும் புதுமையாக இருப்பது வேறொன்று. இவ்வளவு இரத்தம் தன் அறைகளுக்குள் நின்றும், இருதயத்தின் தசை அதைக் குடிப்பதில்லை. வெளியே அனுப்பியதில் ஒரு பங்கு தனிக் குழாயில் திரும்பி வந்தால்தான் அதற்குச் சாப்பாடு. றிஷானா மச்சியும் அப்படித்தானே, பானைக்குப் பக்கத்திலேயே நின்று எல்லோருக்கும் போட்டுவிட்டுத்தான் உட்காருவா.

உங்கள் தொழிலுக்கு வருகிறேன். ஆழத்தில் சிலிண்டர் காற்று இரத்தத்தில் கரைந்துவிடும். விறுவிறென்று ஏறினால், சோடாப் போத்தலைத் திறந்தது போல் குமிழி கிளம்பும். குமிழிகள் வலது பக்கம் வந்து சுவாசப்பையில் வடிபட்டு மூச்சோடு போய்விடும். நடுச்சுவர் இருப்பதால் இடது பக்கம் தாண்டி மூளைக்கு ஏறாது. உங்கள் சுவர் நல்ல சுவர், நான் பார்த்தேன். ஆனாலும் மெல்ல ஏறுங்கள்.

மச்சிக்கு என் சலாம்.

உங்கள் தங்கச்சி,
சனூஸா


கிண்ணியா
30.06.2024

அன்புத் தங்கச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதத்தை வள்ளத்தில் வைத்து றிகாஸுக்கும் வாசித்துக் காட்டினேன். "எனக்குள்ள நாலு அறையா? எங்கட வீட்டிலயே ரெண்டுதானே" என்றான்.

இந்த முறை கடல் நல்லாக இருக்கிறது. கட்டைபறிச்சான் பக்கமும் வெருகலுக்கு வெளியேயும் மாறி மாறி இறங்குகிறோம். ஒன்று எழுத வேண்டும், றிஷானாவிடம் வாய் திறக்காதே. போன புதன்கிழமை மூன்றாம் தரம் இறங்கி ஏறி, சிலிண்டரை வள்ளத்துக்குள் தூக்கிப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் இடது கை என்னுடையதில்லை என்பது போலத் தொங்கிவிட்டது. வாயும் கோணியதாம். றிகாஸ் பயந்து போனான். எங்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தோம்: குமிழி கரையட்டும் என்று, புதுச் சிலிண்டரைக் கட்டி என்னைத் திரும்பக் கீழே இறக்கிவிட்டான். கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் ஆழத்தில் இருந்துவிட்டு மெல்ல மெல்ல ஏறினேன். கை வந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ்.

கரைக்குப் போய் டொக்டரிடம் காட்டுவோம் என்று றிகாஸ் ஒற்றைக் காலில் நின்றான். "என்னத்துக்கு? எனக்கு நல்ல இருதயம். தங்கச்சி எழுதித் தந்த றிப்போட் வீட்டில கிடக்கு" என்று நான்தான் சொன்னேன். சரிதானே?

உன் நானா,
ஹஸ்மி


கண்டி
08.07.2024
பதிவுத் தபால்

அன்புள்ள நானாவுக்கு,

சலாம். இந்தக் கடிதம் கிடைத்த நிமிஷத்திலிருந்து நீங்கள் தண்ணீரில் இறங்கக் கூடாது. மிச்சத்தை அதற்குப் பிறகு வாசியுங்கள்.

உங்கள் கடிதம் வந்த அடுத்த நாள், பக்கவாதம் வந்த ஒரு பெண்ணை எங்கள் பிரிவுக்குக் கொண்டுவந்தார்கள். நான் எக்கோ பார்த்தேன், சுவர் நன்றாகத்தான் தெரிந்தது. புது டொக்டர் அதோடு விடவில்லை. உப்புத் தண்ணீரைக் காற்றோடு சேர்த்துக் குலுக்கி, கையிலுள்ள நாளத்தில் ஏற்றி, அவளை முக்கச் சொன்னார். திரையில் வலது பக்கம் வெள்ளையாக நிறைந்தது. பிறகு அந்த வெள்ளைப் புள்ளிகள் சுவரைத் தாண்டி இடது பக்கத்துக்குள் விழுந்தன. உங்கள் கடிதத்தை எடுத்து, கை தொங்கியதை எழுதிய இடத்தைத் திரும்ப வாசித்தேன்.

நானா, வயிற்றிலிருக்கும் பிள்ளை மூச்சு விடுவதில்லை. அதற்கும் சேர்த்துத் தாய்தான் மூச்சு விடுகிறாள். சுவாசப்பைக்கு வேலை இல்லாததால் இரத்தம் நேரே இடது பக்கம் போவதற்கு மேலறைச் சுவரில் அல்லாஹ் ஒரு சின்னக் கதவை விட்டிருக்கிறான். பிறந்து முதல் மூச்சு இழுத்ததும் அது சாத்திக்கொள்ளும், பிறகு ஒட்டிவிடும். நாலு பேரில் ஒருவருக்கு ஒட்டாது. அவர்களில் அநேகமான பேர் அது தெரியாமலே நூறு வயது வரை இருந்துவிட்டுப் போவார்கள். ஆனால் சுழியோடி ஏறிய கையோடு பாரம் தூக்கினால், முக்கினால் அந்தக் கதவு திறக்கும். குமிழி வடிபடாமல் மூளைக்கு ஏறிவிடும். சாதாரண எக்கோவில் அது பெரும்பாலும் தெரியாது.

அந்தச் சோதனையை நான் உங்களுக்குச் செய்யவில்லை. டொக்டர் வீட்டுக்குப் போன பிறகு, தெரிந்த ஆள் என்று உங்களைப் படுக்க வைத்துப் பார்த்துவிட்டு, ஒருவருக்கும் காட்டாமல் என் கையெழுத்தை வைத்துத் தந்தேன். படமெடுப்பதுதான் என் வேலை, றிப்போட் எழுதித் தர எனக்கு அதிகாரமே இல்லை. நானாவுக்கு ஒரு நன்மை செய்கிறேன் என்ற பெருமை.

அந்தக் கடதாசியைக் கிழித்துப் போடுங்கள். உடனே கண்டிக்கு வாருங்கள், டொக்டரிடம் நானே எல்லாவற்றையும் சொல்லி உங்களைக் காட்டுகிறேன். கெஞ்சிக் கேட்கிறேன்.

சனூஸா


கண்டி
04.08.2024
றிகாஸின் கையில்

அன்புள்ள நானாவுக்கு,

வீட்டு விலாசத்துக்கு எழுதப் பயம். அதனால் றிகாஸுக்கு அனுப்பி உங்களிடம் தரச் சொல்லியிருக்கிறேன்.

சுழியோடி ஏறி விழுந்துவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டதும் திருகோணமலை ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தேன். வார்ட்டு வாசலில் மச்சி நின்றா. "நீதானே பாத்த. நீதானே நல்ல இருதயம் எண்டு எழுதித் தந்த. உள்ள வராத" என்றா. அங்கே டொக்டர் சோதித்துக் கதவு திறந்திருப்பதைக் காட்டிவிட்டாராம், முதலே பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்றும் சொன்னாராம். கட்டிலில் உங்கள் கால் மட்டும் தெரிந்தது. அதைப் பார்த்துவிட்டு பஸ் ஏறினேன். அதன் பிறகு எத்தனையோ தரம் போன் எடுத்துவிட்டேன், என் குரலைக் கேட்டதும் கட் பண்ணிவிடுகிறா.

ஒன்றை மட்டும் எனக்குச் சொல்லுங்கள். ஜூலை எட்டாம் திகதி நான் பதிவுத் தபாலில் எழுதினேன், இறங்க வேண்டாம் என்று. அது கிடைத்ததா? நீங்கள் விழுந்தது பதின்மூன்றாம் திகதி.

அன்றைக்கே மச்சிக்குப் போன் எடுத்திருக்கலாம். நம்பரை அழுத்தினேன், மணி போக முன் வைத்துவிட்டேன். அவ வாயால் ஊருக்குத் தெரிந்து, ஆஸ்பத்திரிக்குத் தெரிந்து, என் வேலை போய்விடும் என்று நினைத்தேன். வெட்கமாகவும் இருந்தது. கடிதம் என்றால் உங்களோடு போய்விடும் என்று எழுதினேன். என் வேலையை உங்கள் உயிருக்கு மேலே வைத்திருக்கிறேன் நானா.

அது கிடைத்திருந்தால், நான் எச்சரித்ததை மச்சியிடம் சொல்லுங்கள். அந்த அளவுக்காவது என்னை மன்னிப்பா. ஒருமுறை உங்களை வந்து பார்க்க விடச் சொல்லுங்கள்.

உங்கள்
சனூஸா


கிண்ணியா
25.08.2024

அன்புத் தங்கச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எழுத்துக் கோணல், கடதாசியைப் பிடிக்க மற்றக் கை இல்லை. றிகாஸ் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி இருக்கிறான். வாசிக்க மாட்டான்.

இடது கையும் காலும் இனி வராது என்கிறார்கள். பேச்சு திரும்பியிருக்கிறது, யோசனையும் சரி. எனக்குச் சோறு ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தொழுகைக்குத் திருப்பி வைப்பது எல்லாம் றிஷானாதான். முன்பு என்னோடு கதைக்காத அளவுக்கு இப்போது கதைக்கிறாள், எனக்குக் கேட்கிறதோ இல்லையோ.

உன் கடிதம் கிடைத்தது சனூஸா. உறையிலுள்ள முத்திரையின்படி பதினோராம் திகதி வியாழக்கிழமை வந்திருக்கிறது. அன்று றிஷானாவின் தங்கச்சியைப் பெண் பார்க்க ஆட்கள் வந்திருந்தார்கள், வீடு நிறையச் சனம். அந்த அவசரத்தில் றிஷானா கையெழுத்துப் போட்டு வாங்கி, அலுமாரியில் சாரன்களுக்கு அடியில் வைத்துவிட்டு மறந்துவிட்டாள் போல. வெள்ளிக்கிழமை எங்கள் ஆட்கள் கடலுக்குப் போவதில்லை என்று உனக்குத் தெரியும். ஜும்ஆ தொழுதுவிட்டு அன்று முழுக்க அந்த அலுமாரியோடு கதிரையைப் போட்டு இருந்து அட்டை போடுகிற வலை மூட்டை தைத்தேன். சனிக்கிழமை சுபஹ் தொழுதுவிட்டு இறங்கினேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு, அவள் கிணற்றடிக்குப் போன நேரம் சாரன் ஒன்றை இழுத்தேன். கூடவே வந்தது. உறை கிழிக்காமல் அப்படியே இருந்தது.

போன் எடுத்திருக்கலாம் என்று எழுதியிருக்கிறாய். ஓம், எடுத்திருக்கலாம். அதை இல்லை என்று சொல்ல எனக்கு ஏலாது. ஆனால் போன கையை யார் பக்கம் வைத்துப் பார்த்தாலும் அது திரும்பி வராது. உன் மேல் எனக்குக் கோபம் இருந்தது, தீர்ந்துவிட்டது. அல்லாஹ் மேல் ஆணை.

நீ கேட்டதைத்தான் செய்ய முடியவில்லை. நீ எச்சரித்து எழுதியது றிஷானாவுக்குத் தெரிந்தால், அது எங்கே கிடந்தது என்றும் தெரியும். அவளால் தாங்க ஏலாது. ஒவ்வொரு நாளும் என் செத்த கையைத் துடைக்கிற மனுஷி அவள். இப்போது உன்னை ஏசுகிறாள், ஏசுகிற பலத்தில்தான் எழும்பி நடக்கிறாள். அதை எடுத்துவிட்டால் விழுந்துவிடுவாள். பிறகு இந்த வீட்டில் இரண்டு பேரையும் தூக்க ஆள் இல்லை.

அந்தக் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். பிறகு றிகாஸைத் தீக்குச்சி உரசச் சொல்லி எரித்துவிட்டேன். அன்றைக்கு ஒரு கடிதம் வந்த மாதிரி இருந்ததே என்று என்றாவது அவள் கேட்டால், மீனவர் சங்கத்துக் கடிதம் என்று சொல்வேன்.

ஆகவே பிழை முழுவதும் உன்னுடையதாகவே இருக்கட்டும். பாதிதான் உன்னுடையது என்று எனக்குத் தெரியும். மற்றப் பாதியையும் நீ சுமக்க வேண்டும் தங்கச்சி. உன்னிடம் இதைக் கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன். வராதே. எழுதாதே. நான் மௌத்தானால் மட்டும் வந்து பார், அதற்கு ஒருவரும் தடை சொல்ல மாட்டார்கள்.

ஜூலை மாதம் நீ எனக்குக் கடிதம் ஒன்றும் எழுதவில்லை. யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்ல வேண்டும்.

நானா